தூங்கி எழுந்ததும் கையைத் தூக்க முடியலையா? ‘மரத்துப் போச்சு’ என்று விட்டுவிடக் கூடாத நேரம் எது?

காலையில் எழுந்து டீ டம்ளரை எடுக்கப் போனால் விரல் நிமிரவில்லை, மணிக்கட்டு தொங்குகிறது. வீட்டில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: “கையைத் தலைக்கு வச்சுப் படுத்திருப்பே, கொஞ்ச நேரத்துல சரியாயிரும்.” பெரும்பாலான நாட்களில் அது உண்மை. சரியாகாத நாளில் அந்த ஒரு வார்த்தை ஒரு கையையோ காலையோ, சில நேரம் சிறுநீரகத்தையோ பறித்துவிடும்.

பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும் ஊர்களில் இந்தத் தவறு செய்தாலும் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பந்தலூர் மாதிரி மலையூர்களில் அந்த வாய்ப்பு ரொம்பவே குறைவு. ஏன் என்று பார்ப்போம்.

சாதாரண மரத்துப்போதல் எது?

நல்ல ஆரோக்கியமாக இருப்பவர் தூக்கத்தில் ஒரே பக்கமாக விடிய விடியப் படுத்திருக்க மாட்டார். கை நசுங்கினால் நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். தூக்கம் கலையாமலேயே உடம்பு புரண்டு கொள்ளும். எப்போதாவது கை அடியில் மாட்டிக்கொண்டால் மதமதப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் வரும். கையை உதறினால் சில நிமிடங்களில் போய்விடும். இதற்கு மருத்துவரே தேவையில்லை.

அந்தப் புரளும் பழக்கம் நின்றுபோவதுதான் ஆபத்து. அளவுக்கு மீறிய மது, தூக்க மாத்திரை, போதை மருந்து, சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை திடீரென இறங்குவது, வலிப்புக்குப் பிந்தைய மயக்கம், பூச்சிமருந்து விஷம் என எது உணர்வை மழுங்கடித்தாலும் உடம்பு தன் எடையைத் தானே தாங்க முடியாமல் ஒரே இடத்தில் நசுங்கிக் கிடக்கும். தனியாக இருக்கும் முதியவர் பக்கவாதம் வந்தோ கால் இடறியோ விழுந்து, மறுநாள் ஆள் வரும்வரை தரையில் கிடப்பதும் இதே கதைதான். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்குகிறவர்களும் இதில் சேர்த்தி. கார்பன் மோனாக்சைடு என்ற வாசனையே இல்லாத வாயு முதலில் மயக்கத்தைத்தான் கொடுக்கும். உயிர் தப்பினாலும் கை கால் தப்பாமல் போகலாம். ஊட்டி அளவுக்கு பந்தலூரில் உறைபனி கிடையாது என்றாலும் மழைக்காலக் குளிரில் கரிச்சட்டி வைக்கிற வீடுகள் மலையெங்கும் உண்டு.

நரம்பு மட்டும் நசுங்கினால்?

மேல்கை எலும்பின் பின்புறம் ஒரு பள்ளம் வழியாக ரேடியல் நரம்பு சுற்றி இறங்குகிறது. அந்த இடத்தில் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி சதை அதிகம் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டபடி, அல்லது பஸ் ஸ்டாண்ட் பெஞ்சின் விளிம்பில் கையை மடக்கியபடி அசையாமல் தூங்கினால் நரம்பு அங்கேதான் அடிபடும். சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு இப்படித் தூங்குபவர்களை அதிகம் பார்த்ததால் மேலைநாட்டு மருத்துவர்கள் இதற்கு ‘சாட்டர்டே நைட் பால்ஸி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். துணையின் தலையை விடிய விடியக் கையில் தாங்கினாலும் இதே மாதிரி வரும். அதற்கு ‘தேனிலவு வாதம்’ என்றும் ஒரு பெயர் உண்டு.

இதில் மணிக்கட்டும் விரல்களும் மேலே நிமிராது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். ஆனால் கை வீங்காது, கல் மாதிரி இறுகாது, பெரிய வலியும் இருக்காது. காலில் என்றால் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபடும்.

பார்த்ததும் பலரும் “ஸ்ட்ரோக் வந்துடுச்சு” என்று பயப்படுவார்கள். பயப்படுவதில் தப்பில்லை. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கையோடு சேர்ந்து அதே பக்கத்துக் காலும் இழுத்தாலோ ஸ்ட்ரோக் என்று எடுத்துக்கொண்டே ஓட வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் கடிவாய் தெரியாமலேயே போகலாம். காலையில் கண் இமை தானாக மூடிக்கொள்வதும், வயிற்றுவலியும், விழுங்க முடியாமல் போவதும் அதன் அடையாளம். இவையெல்லாம் ‘தூங்கின கோளாறு’ கிடையாது.

சதை நசுங்கினால் கதையே வேறு

கையிலும் காலிலும் சதைகள் தனித்தனி உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறை ரப்பர் மாதிரி விரியாது. உள்ளே வீக்கம் வந்தால் அழுத்தம் ஏறும். மெல்லிய ரத்தக்குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அழுத்தம் சுமார் 30 மி.மீ. பாதரசம்தான். வெளியழுத்தம் அதைத் தாண்டினால் அங்கே ரத்தம் போவது தடைபடும்.

வெறும் உடம்பின் எடைக்கு அவ்வளவு அழுத்தம் வருமா? அமெரிக்க மருத்துவர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். போதையில் மயங்கிக் கிடந்தவர்கள் எப்படியெல்லாம் கிடந்தார்களோ, அதே நிலைகளில் நல்ல நினைவோடு இருந்த தன்னார்வலர்களைக் கடினமான தரையில் படுக்க வைத்து, சதைக்குள் அழுத்தத்தை அளந்தார்கள். 1979-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. தலையை முழங்கைக்குக் கீழே உள்ள பகுதியில் வைத்துப் படுத்தாலே சராசரியாக 48 மி.மீ. ஒரு காலுக்கு அடியில் இன்னொரு கால் மாட்டினால் 72. விலா எலும்புக்கு அடியில் கை சிக்கிக்கொண்டால் 178. அதாவது, மேலே சுவர் இடிந்து விழ வேண்டிய அவசியமே இல்லை. நம் உடம்பே போதும்.

சதை ரத்தம் இல்லாமல் சுமார் 4 மணி நேரம் தாங்கும். 6 மணி நேரத்தைத் தாண்டினால் திரும்ப வராத சேதம் ஆரம்பிக்கும். ராத்திரி 10 மணிக்கு நினைவில்லாமல் விழுந்தவரைக் காலை 6 மணிக்கு எழுப்பினால் கணக்கு ஏற்கெனவே 8 மணி நேரம். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அழுத்தம் விலகியதும் ரத்தம் உள்ளே பாயும், பழுதான குழாய்களில் இருந்து நீர் கசியும், சதை வீங்கும், உறைக்குள் அழுத்தம் மறுபடி ஏறும். இதுதான் ‘கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்’. எழுந்தபோது கொஞ்சம் சிவந்திருந்த கை, சாப்பாட்டு நேரத்துக்குள் தடித்துப் பளபளவென்று ஆவது இதனால்தான். “காலையில நல்லாத்தானே இருந்துச்சு” என்று வீட்டார் சொல்வது பொய்யில்லை.

இதன் முக்கிய அடையாளம் வலி, அதுவும் பார்வைக்குத் தெரிகிற காயத்துக்குப் பொருந்தாத வலி. விரலை வேறொருவர் மெதுவாக நீட்டினாலே ஆள் கத்துவார். தொட்டால் சதை மரக்கட்டை மாதிரி இருக்கும். நாடி துடிக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது; பெரிய ரத்தக்குழாயில் துடிப்பு கடைசிவரை இருக்கும், உள்ளே சதை செத்துக்கொண்டே இருக்கும். போதை தெளியாதவருக்கு வலியே தெரியாமலும் போகலாம். அதனால் அவர் வலிக்கவில்லை என்று சொன்னாலும் கையைத் தொட்டுப் பார்ப்பதுதான் சரி.

கட்டன் சாயா நிறத்தில் சிறுநீர்

தேயிலை ஊரில் இதை விளக்குவது சுலபம். பால் விடாத டீயின் நிறத்தில், அல்லது கோலா நிறத்தில் சிறுநீர் போனால், செத்த சதையில் இருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைத்துப் பழுதாக்கும். அதே சதையில் இருந்து வெளிவரும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குழப்பி, நின்ற இடத்தில் உயிரைப் பறிக்கவும் கூடும்.

உலகம் இதைத் தெரிந்துகொண்டது போரில். இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது இடிபாடுகளில் கை கால் சிக்கியவர்கள் மீட்கப்பட்டார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது ஓரளவு நன்றாகவே இருந்தவர்களுக்கு அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் நின்றது. 1941-ல் பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைப் பதிவு செய்தார்கள். ‘கிரஷ் சிண்ட்ரோம்’ என்ற பெயர் பரவலானது அதற்குப் பிறகுதான். 1999-ல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 639 பேரில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது.

நிலச்சரிவிலும் இதே ஆபத்துதான். சேரம்பாடி வழியாகச் சோலாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் வயநாடு. 2024 ஜூலை 30 அதிகாலையில் அங்கே மேப்பாடிக்கு அருகில் முண்டக்கை, சூரல்மலையில் மலை சரிந்தபோது மக்கள் தூக்கத்தில்தான் இருந்தார்கள். மண்ணில் கை கால் மணிக்கணக்கில் அழுந்தியவரை மீட்கும்போது, முடிந்தால் பாரத்தை எடுப்பதற்கு முன்பே நரம்பு வழியாக சலைன் ஏற்ற வேண்டும் என்பது மருத்துவ உலகம் கற்ற பாடம். பாரம் விலகும் அந்த நொடியில்தான் பொட்டாசியமும் மயோகுளோபினும் மொத்தமாகப் பாய்கின்றன. போதையில் தன் கை மேலேயே விடிய விடியப் படுத்தவர் புரண்டு எழும்போதும் சின்ன அளவில் நடப்பது இதுதான்.

பந்தலூரில் என்ன சிக்கல்?

தூரம்தான். இந்தப் பாதிப்புக்கு அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், டயாலிசிஸ் மூன்றும் ஒரே கூரையின் கீழ் தேவைப்படலாம். பந்தலூரில் இருந்து கூடலூர் சுமார் 25 கி.மீ. அங்கிருந்து ஊட்டி இன்னும் சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். அதற்கு முன் கோவை வரை இறங்க வேண்டியிருந்த பலருக்கு இப்போது தூரம் பாதியாகிறது. ஆனாலும் பந்தலூரில் இருந்து ஊட்டி போய்ச் சேரப் பகலிலேயே இரண்டரை மணி நேரம் வரை ஆகிவிடும். மழையில் மரம் விழுந்தாலோ, ராத்திரியில் ரோட்டில் யானை நின்றாலோ சொல்லவே வேண்டாம். அதனால்தான் எல்லையோர மக்களில் பலர் சுல்தான் பத்தேரி பக்கம் வண்டியைத் திருப்புகிறார்கள்.

எஸ்டேட் லைன் வீட்டில் இருந்து மெயின் ரோட்டுக்கு வரும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. சேரம்பாடி, நெல்லியாளம், சேரங்கோடு என இந்தப் பகுதி முழுக்க டான்டீ தோட்டங்களும் தனியார் எஸ்டேட்டுகளும்தான். இங்கே கொழுந்து பறிப்பவருக்கோ, இயந்திரம் பிடிப்பவருக்கோ மணிக்கட்டுதான் கூலி. ஒரு கை விழுந்தால் வீட்டின் வருமானத்தில் பாதி விழும். “இன்னிக்கு வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுவதற்கும் அதே கூலிதான் காரணம் என்பதுதான் கொடுமை.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு குழப்பமும் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் ரத்தசோகை உள்ள குடும்பங்கள் உண்டு. அந்த நோயிலும் திடீரென்று கை காலில் கடுமையான வலி வரும். ‘வழக்கமா வர்ற வலிதானே’ என்று நினைத்து நசுங்கிய காலைக் கவனிக்காமல் விட வாய்ப்பிருக்கிறது. எப்போதும் வருகிற வலியில் சதை ஒரே இடத்தில் கல்லாக இறுகாது, விரல் செயலற்றுப் போகாது. அப்படி இருந்தால் வித்தியாசத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

எண்ணெய் போட்டு உருவுவது முதல் தவறு. செத்த சதையைப் பிசைந்தால் நஞ்சு இன்னும் வேகமாக ரத்தத்தில் கலக்கும். சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் தெரியாது. சுளுக்கு என்று நினைத்து இறுக்கிக் கட்டுவது இருக்கிற அழுத்தத்தோடு இன்னொரு அழுத்தத்தைச் சேர்ப்பது. மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போட்டால் ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்துக்கு அடி விழும்.

பிறகு, இளநீர். சிறுநீர் கறுத்துப் போனால் ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் வாங்கிக் கொடுப்பது நம் ஊர் வழக்கம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். இந்த நிலையில் ரத்தத்தில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பதும் அதே பொட்டாசியம்தான். பழச்சாறும் வேண்டாம். முழுதாகத் தெளியாதவருக்கு மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், வளையல், வாட்ச், மணிக்கட்டில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள் அல்லது வெட்டுங்கள். கையை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். ரொம்ப உயர்த்தினால் ரத்தம் இன்னும் குறையும். 108-ஐ அழைக்கும்போது “கை மரத்துப் போச்சு” என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணி நேரம் அசையாமல் கிடந்தார், கை வீங்கியிருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்ற மூன்றையும் சொல்லுங்கள். முதலில் போகும் மருத்துவமனையிலேயே, பெரிய இடத்துக்கு அனுப்பும் முன் சலைன் போட வேண்டுமா, ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா என்று கேட்கலாம். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதில் ஆரம்ப மணி நேரங்களில் ஏறும் சலைனுக்குப் பெரிய பங்கு உண்டு.

குடித்துவிட்டுக் கிடப்பவரை எழுப்பலாமா?

எழுப்பிப் பார்க்கணும். “விடுங்க, தூங்கட்டும், காலையில தெளிஞ்சிரும்” என்பதுதான் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் நடப்பது. சத்தமாகக் கூப்பிட்டு, தோளைத் தட்டியும் கண் திறக்கவில்லை என்றால் அது தூக்கம் இல்லை, மயக்கம். உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி வந்தால் வெளியே வழியும்படி முகத்தைச் சாய்த்து, அடியில் கை மாட்டியிருந்தால் விடுவித்து, அரைமணிக்கு ஒருமுறை அடுத்த பக்கம் புரட்ட வேண்டும். கண் திறந்து பதில் சொல்பவரைக்கூடத் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

ரத்தத்தில் கிரியாட்டின் கைனேஸ் அளவு பார்ப்பார்கள். சாதாரணமாக 200 யூனிட்டுக்குள் இருக்கும் இது 5,000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கப்படும். சதை உறைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் ஃபேசியாட்டமி செய்வார்கள். தோலையும் உறையையும் நீளமாக வெட்டித் திறந்துவிடும் அறுவை சிகிச்சை அது. பார்க்கப் பயமாக இருக்கும், காயத்தைச் சில நாட்கள் மூடாமலேயே வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து ‘கையை அறுத்துட்டாங்க’ என்று குடும்பத்தார் சண்டைக்குப் போவதும் உண்டு. கையைக் காப்பாற்றத்தான் அந்த வெட்டு. ரொம்பத் தாமதமாக வந்து சதை முழுக்க இறந்திருந்தால், திறப்பதால் கிருமித் தொற்றுதான் மிஞ்சும் என்று மருத்துவர் அறுவை சிகிச்சை வேண்டாம் எனவும் முடிவு செய்யலாம். சிறுநீரகம் நின்றாலும் கலங்க வேண்டாம். உரிய நேரத்தில் டயாலிசிஸ் கிடைத்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் அது திரும்ப வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

தொங்கிய மணிக்கட்டு திரும்ப வருமா?

நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் வரும். சில வாரங்களில் இருந்து இரண்டு, மூன்று மாதம் வரை ஆகலாம். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு, விரல் மூட்டுகள் இறுகாமல் இருக்க தினமும் பிசியோதெரபி செய்ய வேண்டும். நரம்பின் உள் இழையே அறுந்திருந்தால் அது நாளுக்கு சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். மேல்கையில் இருந்து முன்கைச் சதைக்கு வந்து சேரவே மாதக்கணக்காகும். எந்த வகை என்று தெரிந்துகொள்ள நரம்பு, தசைப் பரிசோதனை எடுப்பார்கள். அடிபட்ட மறுநாளே எடுத்தால் தெளிவாகத் தெரியாது என்பதால் பொதுவாக மூன்று வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த மூன்று வாரமும் ஸ்பிளின்ட்டைக் கழற்றி வைத்துவிடாமல் இருப்பதும், பிசியோதெரபிக்குப் போவதை நிறுத்தாமல் இருப்பதும் நோயாளியின் கையில் இருக்கிறது.